ஒரே ஆட்டத்தில் முடிந்துபோகும் கல்லூரிக் கால்பந்து சீசன்: நம் பக்கம் லீக் முறைக்கு வழி உண்டா?

விசில்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு கலைக் கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாக உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். இந்த ஆண்டும் ஜூன் கடைசியில் தேர்வு வைத்து, இருபத்திரண்டு மாணவர்களைப் பொறுக்கி எடுத்து, காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் மைதானத்துக்கு வரவழைத்துப் பத்து வாரம் பயிற்சி கொடுத்தேன். உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்த பையன்கள் அவர்களில் பாதிப் பேர். கல்லூரிகளுக்கிடையிலான போட்டி வழக்கம்போல நாக் அவுட் முறையில் நடந்தது. சென்ற ஆண்டு இறுதிவரை வந்த அணியோடு முதல் சுற்றிலேயே மோதும்படி எங்களுக்குச் சீட்டு விழுந்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்து, டை பிரேக்கரில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய எங்கள் சீசன் ஒன்பதரை மணிக்கு முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது, மூன்றாமாண்டு மாணவன் ஒருவன், "சார், இனி எனக்கு ஆட்டமே கிடையாதா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் அக்காள் மகன் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அவன் இருக்கும் ஊருக்கு அருகில் ஓபர்லின் என்ற சிறு கல்லூரி இருக்கிறது. அதன் அணி ஒரு காலத்தில் தொடர்ந்து 44 ஆட்டங்களில் தோற்றதாகவும், அப்படியும் ஒவ்வோர் ஆண்டும் முழு சீசன் விளையாடியதாகவும் சொன்னான். அவர்கள் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து, நம் கால்பந்து அன்று என்பது எனக்குத் தெரியும். ஆட்டம் எதுவாக இருந்தாலும், அத்தனை முறை தோற்ற அணிக்கு அடுத்த வாரமும் எதிரணி கிடைக்கிறது என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை. அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, அதை நடத்துவது யார், அதில் ஒரு சிறு பகுதியையாவது மதுரை வட்டாரத்தில் செய்து பார்க்க முடியுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஒகையோவில் ஒரு மதுரைக்காரன்

ஐயாவுக்கு வணக்கம். கோரிப்பாளையத்தில் வளர்ந்தவன் நான். இங்கே வந்த பிறகு சனிக்கிழமை தவறாமல் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கப் போகும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. தங்கள் அக்காள் மகன் சொன்னது சரியே. ஓபர்லின் அணியின் அந்த 44 ஆட்டத் தோல்வி வரிசை 2001 அக்டோபரில் கென்யன் கல்லூரியை வென்றபோதுதான் அறுந்தது. ஓபர்லின் நம் ஊருக்கு முற்றிலும் அந்நியமான பெயரும் அன்று. ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பின் வழியாக அக்கல்லூரியின் பட்டதாரிகள் மதுரையில் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஆங்கிலம் கற்பிக்க வந்து போயிருக்கிறார்கள். பழைய மாணவர்களைக் கேட்டால் நினைவுபடுத்திச் சொல்வார்கள்.

இங்கே கான்ஃபரன்ஸ் என்று சொல்வது கல்லூரிகள் தாமாகச் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் ஒரு கூட்டமைப்பைத்தான். நம் ஊரில் பல்கலைக்கழகம் அட்டவணை போட்டு அனுப்ப, கல்லூரிகள் போய் ஆடிவிட்டு வருகின்றன. இங்கே மாணவர் எண்ணிக்கை, வசதி, கல்வித்தரம் ஆகியவற்றில் ஏறத்தாழ ஒத்திருக்கும் கல்லூரிகள் ஒன்றுகூடி, யார் யாரோடு எப்போது ஆடுவது என்பதைத் தாங்களே முடிவு செய்கின்றன. ஓபர்லின் இருப்பது நார்த் கோஸ்ட் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில். அது 1983இல் தொடங்கப்பட்டு அடுத்த ஆண்டிலிருந்து போட்டிகளை நடத்தி வருகிறது. உறுப்புக் கல்லூரிகள் தேசிய அளவில் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவில் விளையாட்டுத் திறமைக்காக எந்த மாணவனுக்கும் உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஆட வருகிறவன் படிக்க வந்தவன்தான். தொலைக்காட்சியில் லட்சம் பேர் அமர்ந்திருக்கும் அரங்கில் நடக்கிறதே, அந்தக் கல்லூரி ஆட்டம் வேறு உலகம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம்.

செப்டம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை வாரம் ஒன்று என்ற கணக்கில் ஒவ்வோர் அணிக்கும் பத்து ஆட்டங்கள், பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகலில். முதல் ஓரிரு ஆட்டங்களைக் கூட்டமைப்புக்கு வெளியே உள்ள கல்லூரிகளோடு வைத்துக்கொள்வார்கள். அவை அணியின் மொத்தக் கணக்கில் சேருமே தவிர, கூட்டமைப்பின் தரவரிசையில் சேராது. மீதி ஆட்டங்களில் பெறும் வெற்றி தோல்விதான் யார் சாம்பியன் என்பதைத் தீர்மானிக்கும். சாம்பியனுக்குத் தேசிய நாக் அவுட் போட்டியில் இடம் உண்டு. அந்தப் போட்டியில் 2024 முதல் 40 அணிகள் ஆடுகின்றன. நாக் அவுட் இங்கேயும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பத்து ஆட்டம் ஆடி முடித்தவர்களுக்குத்தான் அது வருகிறது.

மேலே போகாத அணிகளுக்குக் கடைசிச் சனிக்கிழமை வெறும் சனிக்கிழமையாக இருக்காது. இதே கூட்டமைப்பில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த வாபாஷ், டிபா என்ற இரு கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. 1890இல் முதன்முதலாக மோதிய இவ்விரு அணிகளும் 1932 முதல் ஒரு பழைய ரயில் எஞ்சின் மணியைக் கோப்பையாக வைத்து ஆடுகின்றன. அந்த மணியின் எடை 300 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 136 கிலோ. ஒன்பது ஆட்டம் தோற்ற அணியும் பத்தாவதில் மணியைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த ஆண்டு வீணாகவில்லை என்றே அந்த ஊரில் பேசிக்கொள்வார்கள்.

ஓபர்லினுக்கும் ஒரு காலம் இருந்தது. ஜான் ஹைஸ்மன் என்ற பயிற்சியாளர் 1892இல் அந்த அணியை ஒரு தோல்வியும் இல்லாமல் நடத்தினார். இன்று அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஆண்டின் சிறந்த வீரருக்குக் கொடுக்கப்படும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. 1921இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாபெரும் அணியை 7–6 என்ற கணக்கில் ஓபர்லின் வென்றது. அதன் பிறகு இன்றுவரை ஒகையோவிலுள்ள வேறெந்தக் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகத்தை வென்றதில்லை. அப்படிப்பட்ட அணிதான் பிற்பாடு 44 ஆட்டம் தோற்றது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இதே கூட்டமைப்பில் முன்பு இருந்த எர்ல்ஹாம் கல்லூரி, வேறு கூட்டமைப்புக்குப் போன பிறகு, 53 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்று 2018இல் தன் அணியையே நிறுத்திவிட்டது. சீசன் முழுக்க ஆட வாய்ப்பு இருப்பது மட்டும் ஓர் அணியைக் காப்பாற்றிவிடாது. சமபலமுள்ள எதிரணி அமைவதும் வேண்டும்.

பழைய கோலி

சார், வணக்கம். நான் தங்கள் மாணவன் இல்லை. தங்களைப் போன்ற ஒரு சாரிடம் பயின்றவன். 2004 முதல் 2007 வரை மதுரையில் ஒரு கல்லூரி அணியின் துணைக் கோல்கீப்பராக இருந்தேன். அந்த மூன்றாண்டுகளில் எங்கள் அணி ஆடிய அதிகாரபூர்வ ஆட்டங்கள் மொத்தம் ஐந்து. நான் களத்தில் இருந்தது அரை ஆட்டம். முதல் கோல்கீப்பருக்கு விரல் பிசகியதால் கிடைத்த பாதி அது. மூன்றாண்டுப் பயிற்சிக்கும் அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கும் உள்ள விகிதத்தை நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன்.

ஒகையோ அண்ணன் எழுதியதைப் படிக்க இனிக்கிறது. ஆனால் நம் ஊர் நிலவரம் தெரிந்தவன் என்ற முறையில் சில தடைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செமஸ்டர் முறையில் நவம்பர் தேர்வு மாதம். அக்டோபரில் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் குறுக்கே நிற்கும். அதே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். நம் மைதானங்களில் பெரும்பாலானவை புல் இல்லாத செம்மண் தரை. வெயில் காலத்தில் விழுந்தால் முழங்கைத் தோல் போய்விடும், மழை பெய்தால் கோல் பகுதியில் குளம் கட்டிவிடும். நான் ஆடிய அந்த அரை ஆட்டத்தில் எனக்கு விழுந்த ஒரே கோல், சேற்றில் நின்றுவிட்ட பந்தை நான் எடுக்கப் போவதற்குள் எதிரணிக்காரன் தட்டிவிட்டதுதான்.

வருகைப்பதிவு அடுத்த தொல்லை. 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. பல்கலைக்கழகம் நடத்தும் போட்டிக்கு ஓ.டி., அதாவது ஆடப் போன நாளையும் வருகையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அனுமதி, கிடைக்கும். கல்லூரிகள் தாமாக நடத்திக்கொள்ளும் ஆட்டத்துக்கு ஓ.டி. கையெழுத்து வாங்கத் துறைத்தலைவர் அறைக்கு முன் நின்றவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இயற்பியல் செய்முறை வகுப்பைத் தவறவிட்டதற்காக எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஒருவன் ஆட்டத்தையே விட்டுவிட்டான். ஆகவே வார நாளில் ஆட்டம் வைத்தால் இந்தத் திட்டம் இரண்டாவது வாரத்திலேயே படுத்துவிடும். சனி அல்லது ஞாயிறு காலைதான் ஒரே வழி. சனிக்கிழமையிலும் வகுப்பு நடத்தும் கல்லூரிகள் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இவ்வளவு சொன்னாலும் லீக் வேண்டாம் என்பது என் கருத்தன்று. நாக் அவுட்டில் பயிற்சியாளர் யாருக்கும் துணிந்து வாய்ப்புக் கொடுக்க முடியாது. ஒரு தவறு நேர்ந்தால் அந்த ஆண்டே போயிற்று. லீக்கில் மூன்றாவது ஆட்டத்திலாவது எனக்கு ஒரு முழு ஆட்டம் கொடுத்திருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

அட்டவணை ஆசிரியர்

ஐயா, நான் கணிதம் கற்பிக்கிறவன். எங்கள் கல்லூரியில் விளையாட்டுக் குழுவுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மேலே பேசப்பட்டதை எண்களில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

பதினாறு அணிகள் நாக் அவுட்டில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டங்கள்; அவற்றில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். ஆறு அணிகள் லீக் முறையில் ஒருமுறை சந்தித்தாலும் அதே 15 ஆட்டங்கள்தாம். ஆனால் ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ஆட்டங்கள் உறுதி. நடுவர்களைக் கூப்பிடும் செலவும் மைதானத்தில் கோடு போடும் செலவும் இரண்டுக்கும் ஒன்றே. பதினாறு கல்லூரிகளையும் ஒரே லீக்கில் போட்டால் 120 ஆட்டங்கள் ஆகும். அது யாராலும் முடியாது. ஆகவே ஒகையோக்காரர் சொன்ன கூட்டமைப்பின் நுட்பம் அதன் சிறிய அளவில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஆறு அணிக்கான சுழல் முறை தங்களுக்குத் தெரிந்ததுதான்; மற்றவர்களுக்காக எழுதுகிறேன். முதல் வாரம் 1–6, 2–5, 3–4. அடுத்து முதல் அணியை அசைக்காமல் மற்ற ஐந்தையும் ஒவ்வோர் இடம் நகர்த்த வேண்டும்: இரண்டாம் வாரம் 1–5, 6–4, 2–3, மூன்றாம் வாரம் 1–4, 5–3, 6–2, நான்காம் வாரம் 1–3, 4–2, 5–6, ஐந்தாம் வாரம் 1–2, 3–6, 4–5. யாரும் யாரையும் இருமுறை சந்திப்பதில்லை. யாருக்கும் ஓய்வு வாரமும் இல்லை. ஓர் அணி கடைசி நேரத்தில் விலகினால் அதன் எண்ணுக்கு எதிரே இருப்பவருக்கு அந்த வாரம் பை (ஆட்டமில்லாத வாரம்) என்று வைத்துக்கொண்டு மீதி அட்டவணையை அப்படியே ஓட்டலாம். முன்விரோதம் உள்ள இரு கல்லூரிகளுக்கு 1, 2 என்ற எண்களைக் கொடுத்தால் அவர்களுடைய ஆட்டம் தானாகவே கடைசி வாரத்தில் வந்து விழும். மணி கிடைக்காவிட்டாலும் ஒரு குத்துவிளக்கையாவது கோப்பையாக வைத்துக்கொள்ளலாம்.

தூரமும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. இந்தியானாவிலுள்ள வாபாஷிலிருந்து ஓபர்லினுக்குப் போவது மதுரையிலிருந்து சென்னைக்குப் போவதற்கு ஏறத்தாழ நிகர் என்று வரைபடம் காட்டுகிறது. நமக்கோ திருமங்கலம், மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டி எல்லாம் நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. டவுன் பஸ்ஸிலேயே சீசனை நடத்திவிடலாம். திண்டுக்கல், தேனிக் கல்லூரிகளைத் தொடக்கத்திலேயே சேர்க்க ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1996 முதல் கூடுதல் நேரம் வைத்து வெற்றி தோல்வியை முடிவு செய்துவிடுகிறார்கள். அங்கே சமன் கிடையாது. நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று என்பதே போதும். இங்கிலாந்து லீக்கில் 1981இல் வந்து 1994 உலகக்கோப்பைக்குப் பிறகு எங்கும் பரவிவிட்ட முறை அது. புள்ளி ஒத்திருந்தால் கோல் வித்தியாசம், அதுவும் ஒத்திருந்தால் அடித்த கோல்கள், பிறகு நேருக்கு நேர் மோதிய முடிவு என்று முன்கூட்டியே எழுதி ஆறு முதல்வர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஐந்தாம் வாரத்தில் விதி எழுத உட்கார்ந்தால் சண்டைதான் வரும்.

முன்னாள் இடது விங்

இதுவரை எழுதியவர்கள் யாரும் மாணவியர் அணியை நினைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் நிலை இன்னும் மோசம். போட்டிக்குப் பெயர் கொடுத்த கல்லூரிகள் நான்கே. இரண்டு ஆட்டம் வென்றால் கோப்பை, ஒன்று தோற்றால் வீடு. என் இரண்டாமாண்டில் எதிரணி வராததால் நேராக இறுதி ஆட்டத்துக்குப் போனோம், அதில் தோற்றோம், சான்றிதழில் இரண்டாம் பரிசு என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் நான் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அந்தச் சான்றிதழை வேலைக்கான நேர்காணலில் காட்டியபோது, எத்தனை ஆட்டம் வென்றீர்கள் என்று கேட்டார்கள்.

நான்கு அணிகளுக்கு லீக் என்றால் ஆறு ஆட்டங்கள் போதும், மூன்று சனிக்கிழமையில் முடிந்துவிடும். மாணவர் ஆட்டம் நடக்கும் அதே மைதானத்தில், அதே நடுவர்களை வைத்து, காலை ஏழு மணிக்கு எங்கள் ஆட்டத்தை முதலில் வைக்கலாம். எட்டரை மணிக்கு மேல் மதுரை வெயிலில் யாரை முதலில் ஆடவிடுவது என்று தகராறு வந்தால், அதற்குள் நாங்கள் முடித்திருப்போம்.

விசில்காரன்

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. ஒகையோத் தம்பி எர்ல்ஹாம் கதையைச் சொன்னது மிகவும் பயன்பட்டது. எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் எண்ணத்தில்தான் நான் இருந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் சேர்க்கும் பெரிய கல்லூரிகளை இப்போது பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அவர்கள் எங்களைப் பத்து கோல் அடிப்பதால் அவர்களுக்கும் பயனில்லை, எங்களுக்கும் இல்லை.

பழைய கோலி சொன்ன நாட்காட்டிச் சிக்கலுக்கு நான் கண்ட வழி இது. ஜூலை கடைசிச் சனிக்கிழமை தொடங்கி, சுதந்திர தின வாரத்தை மட்டும் விட்டு, ஐந்து சனிக்கிழமைகளில் லீக்கை முடித்துவிடுவது. மழைக்கு முன்னும் உள்மதிப்பீட்டுக்கு முன்னும் முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் நாக் அவுட் வரும்போது அணிகள் ஐந்து ஆட்டம் ஆடிய கையோடு போய் நிற்கும். இதனால் பயிற்சி நாள்கள் பத்து வாரத்திலிருந்து ஐந்தாகக் குறையும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பதினாறு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், பத்து வாரப் பயிற்சியில் கடைசி நான்கு வாரம் பையன்கள் சலிப்போடுதான் ஓடுகிறார்கள். மாற்று ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை, அணிக்கு ஐந்து மாற்று என்ற இன்றைய விதியை அப்படியே வைத்துக்கொண்டு, துணைக் கோல்கீப்பருக்கு ஐந்தில் ஓர் ஆட்டமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப் போகிறேன். இதற்கு உலகில் எங்கும் முன்மாதிரி இல்லாமல் இருக்கலாம். பழைய கோலிக்காகச் சேர்க்கிறேன்.

மாணவியர் ஆட்டத்தை ஏழு மணிக்கு வைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை நானே யோசித்திருக்க வேண்டும். விடுதியிலிருந்து ஆறு மணிக்கு வெளியே அனுப்ப அந்தந்தக் கல்லூரி இசைய வேண்டும் என்பதால், அதற்கான கடிதத்தை அம்மா தாங்களே வரைந்து கொடுத்தால் நல்லது.

இதுவரை என்னைத் தவிர மூன்று கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது கல்லூரியில் என் கடிதம் இரண்டு வாரமாக முதல்வர் மேசையில் இருக்கிறது. ஆறாவது இன்னும் கிடைக்கவில்லை. மேலூர் பக்கம் புல் தரையோடு மைதானம் உள்ள கல்லூரி ஒன்று இசைந்தால் எண் 6ஐ அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் மட்டும் பெற்றுக்கொண்டு நடுவராக நிற்கக் கூடியவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள். ஐந்து பேர் தேவைப்படுகிறார்கள். இதுவரை கிடைத்திருப்பவர் இருவர், அவர்களில் ஒருவர் என் மைத்துனர்.